மாரிச்சாமி குடித்துப் படித்த இங்கிலீஷ்

மாரிச்சாமியிடம் போய் 'பிரைட்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். வாயைத் திறக்க மாட்டார். எழுந்துபோய் கெட்டிலை அடுப்பில் ஏற்றுவார். தண்ணீர் கொதிக்கும்வரை உங்களை உட்காரவைத்துவிட்டு, வெள்ளைக் கோப்பை ஒன்றில் பால் சர்க்கரை இல்லாத டீயை ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, "பாருங்க, இதானுங்க" என்பார். புளி போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி அது மின்னும். பக்கத்திலேயே இன்னொரு கோப்பையை வைத்து, "இது டல்லுங்க" என்பார். பாடம் முடிந்தது. கேட்டவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

இப்படி அவருக்கு அறுபது, அறுபத்தைந்து இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். அத்தனையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஊட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு வெள்ளைக்காரனிடம் கேட்க முடியாது. ஆனால் ஒரு கோப்பைத் தேயிலையைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னால் குன்னூர் ஏலக்காரர்கள்கூட மறுபேச்சுப் பேசியதில்லை. எண்பதைத் தாண்டிய மனிதர். நாக்கு மட்டும் இன்னும் முப்பதிலேயே நிற்கிறது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், படிக்க வைத்தவர்களின் பெயரைச் சொல்லாமல் கதையை ஆரம்பிக்கவே மாட்டார். அவர்களில் ஒருவருடைய பெயர் அவருக்கே தெரியாது. அதையும் ஒரு குறையாகச் சொல்லி வருத்தப்படுவார்.

எழுபத்து நாலாம் வருஷம். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டில், ஒரு வளைவுக்குக் கீழே நஞ்சப்ப கவுடரின் சின்னத் தேயிலை ஃபேக்டரி. சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களின் பச்சை இலையை வாங்கி, தூளாக்கி, பெட்டியில் அடைத்து, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவார்கள். தாராபுரம் பக்கத்திலிருந்து மழை பொய்த்த வருஷத்தில் மலையேறிய குடும்பம் மாரிச்சாமியுடையது. அங்கே ஒன்பது வருஷமாக டிரையரில் வேலை. டிரையர் என்றால் தேயிலையைக் காய வைக்கும் எந்திரம். விறகு தள்ளுவதும், சூடு பார்ப்பதும், வியர்வையைத் துடைப்பதுமாகவே அந்த ஒன்பது வருஷமும் போயிற்று. அந்த வருஷம் வைகாசியில், இங்கிலீஷ் படித்த டீமேக்கர் கிளென்மார்கன் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். தேயிலை எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள் இல்லாமல் ஃபேக்டரி நடக்காது. கவுடர் யோசித்துப் பார்த்துவிட்டு மாரிச்சாமியைக் கூப்பிட்டார். கொஞ்ச நாள் பார்ப்போம், சரிப்பட்டு வந்தால் நீயே டீமேக்கர் என்றார்.

மாரிச்சாமிக்கு அந்தப் பதவியைவிட அதோடு வந்த வீடுதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் அவர் மனைவி வீரம்மா. அவளுக்கு இழுப்பு. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லைன் வீட்டின் ஈரச் சுவரும் மலைக்குளிரும் சேர்ந்து விடியற்காலையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே மணி ஐந்தாகிவிட்டது என்று எழுந்த காலம் உண்டு. டீமேக்கர் வீடோ ஃபேக்டரியோடு ஒட்டியது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் டிரையர். சுவர் எப்போதும் கதகதவென்று இருக்கும். குடிபோன முதல் வாரமே வீரம்மா பாயை அந்தச் சுவரோரம் நகர்த்திவிட்டாள். காலையில் மாரிச்சாமி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அவள் முதுகைச் சுவரில் சாய்த்தபடியே, "தேவலைங்க" என்பாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்க அவர் வேண்டாத சாமி இல்லை.

வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அந்தச் சுவர் போகும். இதுதான் அவர் தலைக்குள் எந்நேரமும் ஓடிய கணக்கு.

இப்போது புதன்கிழமைத் தாளுக்கு வருவோம். ஏலத்துக்குப் போன ஒவ்வொரு சரக்கையும் குன்னூரில் ஒருவர் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று ஓரிரண்டு இங்கிலீஷ் வார்த்தையில் எழுதி அனுப்புவார். ஒவ்வொரு புதன்கிழமையும் தபாலில் வரும். கவுடர் அதைப் பிரித்து, தாளைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு, வார்த்தைகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி மாரிச்சாமியிடம் கொடுப்பார். இவர் எட்டாவது வரை படித்தவர் என்பதால் எழுத்துக்கூட்டிவிடுவார். ஆனால் அர்த்தம்?

கோத்தகிரி சந்தைக்குப் போய் தலையணை கனத்தில் ஓர் அகராதி வாங்கி வந்தார். 'பாடி' என்று பார்த்தால் உடம்பு என்று போட்டிருந்தது. தேயிலைக்கு ஏது உடம்பு? 'சாஃப்ட்' என்று பார்த்தால் மென்மை. கவுடர்கூட, மென்மை என்றால் நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சரக்கை ஏலத்தில் ஒருவரும் சீண்டவில்லை. 'பேக்கி' என்ற வார்த்தையோ அகராதியிலேயே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்றைக்கு மாரிச்சாமி நெஞ்சாரத் தெரிந்துகொண்டார்.

சரி, வார்த்தை தேயிலையைப் பற்றியது. அர்த்தமும் தேயிலைக்குள்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தார். அந்த யோசனையில் ஒரு குற்றமும் கிடையாது. சீட்டு வந்ததும் அன்றைக்கு ஃபேக்டரியில் போட்ட தூளை எடுத்துக் கொதிநீரில் ஊறவைப்பார். பழைய டீமேக்கர் செய்ததைப் போலவே சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்புவார். நாக்கில் எது தூக்கலாகத் தெரிகிறதோ அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் வார்த்தைக்கு நேராக எழுதுவார். முதல் சீட்டில் பேக்கி என்று வந்தது. அன்று அடைமழை, விறகெல்லாம் ஈரம், நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை. டீ சப்பென்று இருந்தது. 'பேக்கி: சப்பு. நெருப்பு பத்தாது' என்று எழுதிவிட்டு நெருப்பைக் கூட்டினார்.

அடுத்த சீட்டிலும் பேக்கி. இன்னும் கூட்டினார். அப்புறம் ஒரு வாரம் சாஃப்ட் என்று வந்தது. அன்றைய டீயைக் குடித்தால் கருகல் வாடை அடித்தது. 'சாஃப்ட்: கருகல்' என்று எழுதி நெருப்பைக் குறைத்தார். இப்படிக் கூட்டுவதும் குறைப்பதுமாக ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாசமும் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எந்தப் புதன்கிழமையும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

புரட்டாசி பிறந்ததும் கவுடர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல. இலை கொடுக்கிற எழுபது குடும்பத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். தீபாவளிக்குள் ஒரு தாளாவது நல்லபடியாக வர வேண்டும், இல்லையென்றால் லவ்டேலில் ஏகநாதன் என்று ஒரு டீமேக்கர் இருக்கிறார், அவரை வரச்சொல்லி எழுதிவிட்டேன் என்றார். மாரிச்சாமி வீட்டுக்குப் போய் வீரம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அன்றைக்கும் சுவரில் சாய்ந்துகொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் பேச்சி வருகிறாள். சல்லடை ரூமில் வேலை செய்தவள். கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஆனால் எண்கள் அத்துப்படி, ஏனென்றால் தேயிலைப் பெட்டிகளின் மேல் நம்பர் அடிப்பது அவள் வேலை. அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பெட்டியை மூடும் முன்பு ஒரு கைப்பிடித் தூளை எடுத்து, பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு, அந்தப் பெட்டியின் நம்பரையே டப்பாவிலும் எழுதி அலமாரியில் அடுக்கிவிடுவாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. சிலோன் ஃபேக்டரியில் அப்படித்தான் செய்வோம் என்பாள். பழைய டீமேக்கர், எதற்கு இந்தக் குப்பை என்று இரண்டு தடவை திட்டியிருக்கிறார். அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஒரு புதன்கிழமை கவுடர் ஊட்டி போயிருந்ததால் தாள் முழுசாக மாரிச்சாமியின் மேஜைக்கே வந்துவிட்டது. வழக்கம்போல அன்றைய தூளை ஊறவைத்துவிட்டு அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை கழுவ வந்த பேச்சி, தாளின் இடது ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அலமாரியைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க குடிக்கிற தேத்தண்ணி வேற, இந்தக் கடுதாசி சொல்ற தேத்தண்ணி வேற. இந்த நம்பரெல்லாம் மேல்தட்டு டப்பாவில இருக்கு. அடைச்சு மூணு கிழமை ஆச்சு."

மாரிச்சாமி கோப்பையைக் கீழே வைத்தார். சரக்கு குன்னூர் போய், ஏலத்துக்கு வரிசையில் நின்று, குடித்துப் பார்த்து, எழுதி, தபாலில் வந்து சேர மூன்று வாரம். இது தெரியாமல், மூன்று வாரத்துக்கு முந்தைய டீயைப் பற்றிச் சொன்ன வார்த்தையை இன்றைய டீயில் தேடியிருக்கிறார். நேற்று அழுத பிள்ளைக்கான மருந்தை இன்றைக்குச் சிரிக்கிற பிள்ளைக்குக் கொடுத்த கதைதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக, உயிர் திரும்பி வந்த மாதிரியும் இருந்தது. "நல்லா இருப்பே தாயி" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி லீவு. கவுடரிடம் கேட்டு மூன்று மாசத் தாள்களையும் வாங்கிக்கொண்டார். பேச்சி நம்பர் பார்த்து டப்பாக்களை இறக்கிக் கொடுக்க, காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்பது கோப்பை. பேக்கி என்று வந்த டப்பாக்கள் மட்டும் ஆறு. ஆறையும் வரிசையாக ஊற்றி உறிஞ்சினார். ஆறிலும் ஒரே காந்தல், வறட்டு ருசி. சாஃப்ட் என்று வந்தவை ஐந்து. ஐந்தும் சப்பு. நோட்டில் இரண்டையும் அப்படியே தலைகீழாக எழுதி வைத்திருந்தார். ஒரு வார்த்தையை ஒரு கோப்பையில் பார்த்து முடிவு கட்டக்கூடாது, நாலைந்து கோப்பையில் அது திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் பிடிபட்டது. பாடி என்பதும் விளங்கியது. பாடி உண்டு என்று எழுதிய டீ வாயில் கனமாக நின்றது, இல்லை என்று எழுதியது நிற்காமல் ஓடியது. கஞ்சிக்கும் கஞ்சித் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். 'பிரிஸ்க்' என்றால் நாக்கைச் சுண்டிவிடும். பழைய பக்கங்களை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். குன்னூரில் உட்கார்ந்து, வாரம் தவறாமல், ஒரே ருசிக்கு ஒரே வார்த்தையை மாற்றாமல் எழுதிய அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. அந்த ஆள் ஒரு வாரம் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தால்கூட இந்தக் கணக்கு நேராகியிருக்காது.

ஆனால் சந்தோஷம் கோப்பை ஆறும் வரைகூட நிற்கவில்லை. தாள் இன்னும் வராத டப்பாக்கள் பதினொன்று அலமாரியில் இருந்தன. அனுப்பியாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. ஒவ்வொன்றாகக் குடித்தார். குடிக்கக் குடிக்க முகம் விழுந்தது. பாதிக்குமேல் காந்தல். அடுத்த இரண்டு தாளும் மோசமாகத்தான் வரும். இனிமேல் நல்லதாகச் செய்தாலும் அதைப் பற்றிய தாள் தீபாவளிக்கு முந்தின புதன்கிழமைதான் வரும். அதற்குள் கவுடர் பொறுப்பாரா?

திங்கட்கிழமை காலை டிரையர் சூட்டைச் சரிபார்த்துவிட்டு நேராகக் கவுடரிடம் போனார். ஒரு காகிதத்தை நீட்டினார். பதினொரு பெட்டி நம்பர், ஒவ்வொன்றுக்கும் நேராகத் தமிழ் எழுத்தில் ஒரு வார்த்தை. பேக்கி, பேக்கி, சாஃப்ட், டல் என்று ஒரே திட்டு. வரப்போகிற தாளில் இதுதான் இருக்கும் என்றார்.

கவுடர் மேலும் கீழும் பார்த்தார். "தோத்துப்போவேன்னு நீயே எழுதிக் குடுக்கறயா?"

"தோத்தது எந்த எடத்துலன்னு தெரிஞ்சுபோச்சுங்க கவுடரே. அதான் எழுதிக் குடுக்கறேனுங்க."

கவுடர் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். அன்று சாயங்காலம் மாரிச்சாமி வீரம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னார். லைன் வீட்டுக்குப் போனால் சுடுதண்ணீர் போத்தல் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் பயந்துபோய் டிரையர் நெருப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்றாள் அவள்.

ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்து ஒரு வாரம் தபால் வரவில்லை. வந்தபோது இரண்டு தாளும் சேர்ந்தே வந்தன. வந்த நேரத்தைப் பாருங்கள், ஏகநாதன் லவ்டேலிலிருந்து வந்து கவுடரின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். குடை மடியவில்லை, கோட்டு காயவில்லை. மாரிச்சாமியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனார். வாசலில் பேச்சி வேலையை விட்டுவிட்டு நின்றாள்.

கவுடர் தாள்களை ஏகநாதனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். டிராயரைத் திறந்து மாரிச்சாமியின் காகிதத்தைத் தான் எடுத்துக்கொண்டார். ஏகநாதன் நம்பரைச் சொல்லி வார்த்தையை வாசிக்க, கவுடரின் விரல் காகிதத்தில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பேக்கி. பேக்கி. சாஃப்ட். விரல் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. பதினோராவதில் மட்டும் நின்றது. மாரிச்சாமி பேக்கி என்று எழுதியிருந்தார், தாளில் 'ஹை ஃபயர்ட்' என்று இருந்தது. ஏகநாதன் என்ன விஷயம் என்று கேட்டுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். எழுதிய தேதியைப் பார்த்தார். ஹை ஃபயர்ட் என்றால் பேக்கிக்குத் தம்பி, கொஞ்சம் குறைச்சலான காந்தல், அதைப் பிரித்துச் சொல்ல எனக்கே நாலு வருஷம் ஆயிற்று என்றார்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் பதினஞ்சு வருஷமா டீமேக்கருங்க. தாள் வந்தாத்தான் எனக்கு என் தப்பு தெரியும். தாள் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைக்கிற ஆளை வச்சுக்கிட்டு, என்னை எதுக்குங்க மழையில வரச் சொன்னீங்க?"

கவுடர் சிரித்தார். இத்தனை மாசத்தில் அவர் சிரித்ததை மாரிச்சாமி அப்போதுதான் பார்த்தார். ஏகநாதனுக்கு ஒரு வேலை தேவையாகத்தான் இருந்தது, இல்லாமல் அந்த மழையில் யார் வருவார்கள்? அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போன மனிதருக்கு மாரிச்சாமி அவர் காலம் முடியும்வரை வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு டப்பாத் தூள் கொண்டுபோய்க் கொடுத்தார். அகராதியில் இல்லாத ஒரு வார்த்தையைக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தவர் என்றும் சொல்லிக்கொள்வார்.

வீடு நிலைத்துவிட்டது. ஆனாலும் தீபாவளிக்கு முந்தின புதன்கிழமைத் தாளுக்கு அவர் காத்திருந்த மாதிரி எதற்கும் காத்திருந்ததில்லை. தாள் வந்தது. பேக்கி இல்லை, சாஃப்ட் இல்லை. ஆறு பெட்டிக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. அதுவரை வந்தே இராத வார்த்தை. 'இம்ப்ரூவ்ட்' என்று எழுத்துக்கூட்டினார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அகராதி பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடவில்லை.

அந்த ஆறில் ஒரு நம்பர் டப்பாவை இறக்கச் சொன்னார். அதற்கு முந்தின வாரத்து டப்பாவையும் இறக்கச் சொன்னார். இரண்டு கோப்பை ஊற்றினார். தன் நாக்கு ஆசையில் பொய் சொல்லிவிடுமோ என்று பயம். அதனால் முதலில் பேச்சியிடம் நீட்டினார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பழையதை ஒரு வாய், புதியதை ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இது தேவலை அண்ணே."

மாரிச்சாமி அவள் கையிலிருந்து புதிய கோப்பையை வாங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் வீரம்மா ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இருமல் இல்லை. அவரும் குடித்தார். ஆமாம், தேவலைதான்.

அந்த நோட்டு இன்றைக்கும் அவரிடம் இருக்கிறது. கேட்டால் காட்டுவார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேராகக் காந்தல், சப்பு, கனம் என்று ருசிதான் எழுதியிருக்கும். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இப்படி இருக்கிறது: 'இம்ப்ரூவ்ட்: தேவலை. சொன்னது பேச்சி. வீரம்மாவும் தினம் சொல்வாள்.'